பீடிகை காட்டும் பொருள்

குறி என்பது யாது? ஒன்றைக் காட்டி மற்றொன்றை உணர்த்துவது குறி. இவ்வளவில் அதன் இலக்கணம் முடிந்தது என்றே நம்மிற் பலரும் கருதுகின்றோம். பௌத்த சமயத்தைப் பற்றிப் பேசுமிடத்தும் இக்கருத்தே நிலவுகின்றது. சக்கரம் அறத்தைக் குறிக்கும். தாமரை தூய்மையைக் குறிக்கும். போதிமரம் ஞானத்தைக் குறிக்கும். பாதச்சுவடு புத்தரைக் குறிக்கும் என்று நிகண்டு போல் ஒரு வரிசையை ஒப்பித்துவிட்டு அமைதியுறுகின்றோம். அவ்வரிசை பிழையுடையதன்று. ஆயினும் நிகண்டை மனப்பாடம் செய்தவன் செய்யுளின் சுவையை அறிந்தவன் ஆகாதவாறு போல, இவ்வரிசையை அறிந்தவனும் பௌத்தக் குறிகளின் பொருளை அறிந்தவன் ஆகான் என்பது என் கருத்து. அக்குறிகள் ஒவ்வொன்றும் காண்பானை நோக்கி ஒரு வினையை ஏவுகின்றன. அவ்வினை நிகழும்போதுதான் அவற்றின் பொருள் நிரம்புகின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் நமக்கு இஃதொரு புதுக்கருத்தன்று. நம் புறத்திணை இலக்கணத்தில் வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்பன பூக்களின் பெயர்கள். அவையே போர்வினைகளின் பெயர்களுமாம். பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்வோன் வெட்சி சூடினான். கவரப்பட்ட நிரையை மீட்கச் செல்வோன் கரந்தை சூடினான். களம் குறித்துப் பொரச் செல்வோன் தும்பை சூடினான். தும்பையைத் தலையிற் சூடிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவனைக் கண்டால் ஊரார் நகையாரோ? அப்பூ இன்ன வினைக்கு உரியதென்று அவன் அறிந்திருத்தல் அந்நகையினின்றும் அவனைக் காவாது. பூச்சூடுதலாவது வினைக்கு உடன்படுதல். பௌத்தக் குறிகளும் இவ்வகையினவே. வேற்றுமை ஒன்றுண்டு. இங்கு வெல்லப்பட வேண்டிய பகை புறத்தே இல்லை. அவாவும் வெகுளியும் மயக்கமுமாய் அகத்தே உள்ளது.

புத்தர் தம் போதனையைத் தம் மாணாக்கர் எவ்வாறு கைக்கொள்ள வேண்டும் என்று தாமே வரையறுத்துள்ளார். மஜ்ஜிம நிகாயத்தின் 22-ஆம் சூத்திரத்தில் இரண்டு உவமைகள் வருகின்றன. முதலாவது, பாம்பு பிடிப்பவன் உவமை. பாம்பைத் தேடிச் சென்றவன் அதன் உடலையோ வாலையோ பற்றுவானாயின் அது திரும்பி அவன் கையையே கடிக்கும். கவைக்கோலால் அழுத்திக் கழுத்தினிற் பற்றுவானாயின் தீங்கு நேராது. பிறரைக் குறைகூறவும் வாதில் வெல்லவும் அறத்தைக் கற்பவர் பாம்பை வாலிற் பற்றியவராவர். இரண்டாவது, தெப்ப உவமை. புல்லும் கொம்பும் சேர்த்துக் கட்டிய தெப்பத்தின் துணையால் வெள்ளத்தைக் கடந்தவன், நன்றி மிகுதியால் அதனைத் தலைமேற் சுமந்துகொண்டு கரையில் நடப்பானாயின் அவனை என்னென்பது? போதனை கடத்தற்கே உரியது. சுமத்தற்கு உரியதன்று என்பது அவ்வுவமையின் கருத்து.

போதனைக்கே இவ்விதி பொருந்துமாயின், போதனையைச் சுட்டும் குறிகளுக்குப் பொருந்துதலைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. கரை சேர்ந்தபின் தெப்பத்தைச் சுமப்பவன் பேதை என்பது மெய்யே. நடுவெள்ளத்தில் தெப்பத்தை விடுபவன் அவனினும் பேதை. குறிகள் கல்லாதார்க்கே உரியவை, அறிவுடையோர்க்கு வேண்டா என்று கூறும் நண்பர்கள் தாம் எக்கரையில் நிற்கின்றனர் என்பதை முதலில் ஆராய்தல் நலம்.

இனி, அக்குறிகளுட் சிலவற்றை நோக்குவோம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பார்ஹுத் கல்வேலியிலும், கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த சாஞ்சித் தோரண வாயில்களிலும் புத்தரின் வரலாறு செதுக்கப்பட்டுள்ளது. புத்தரின் உருவம் மட்டும் இல்லை. சாஞ்சியின் கிழக்கு வாயிலில் சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து செல்லும் காட்சியைக் காணலாம். கந்தகன் என்னும் குதிரை செல்கின்றது. அதன்மேல் குடை பிடிக்கப்பட்டுள்ளது. குடையின்கீழ் ஒருவரும் இல்லை. ஒரே பலகையில் அக்குதிரை மீண்டும் மீண்டும் முன்னேறிச் செல்லுமாறு காட்டிய சிற்பி, முடிவில் அக்குடையைப் பாதச்சுவடுகளின்மேல் நிறுத்துகின்றான். பணியாளனாகிய சன்னன் அச்சுவடுகளின்முன் வணங்குகின்றான். பின்னர்க் குதிரை திரும்புகின்றது. அதன்மேல் இப்போது குடை இல்லை. அழகிய இளவரசன் ஒருவனைச் சிற்பி அக்குதிரைமேல் ஏற்றியிருப்பானாயின் நம் கண்கள் அவ்வழகிலேயே தங்கியிருக்கும். வெறுஞ்சேணம் நம் கண்ணைத் தங்கவொட்டாமல், துறத்தல் என்னும் செயலின்பாற் செலுத்துகின்றது. போதிமரத்தடியில் காட்டப்படும் வெற்றிருக்கையும் அத்தகையதே. கிருஷ்ணை நதிக்கரை அமராவதியிலிருந்து கொணரப்பட்டுச் சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பெற்றுள்ள சுண்ணாம்புக் கற்பலகைகளிலும் மக்கள் சூழ்ந்து வணங்கும் இத்தகைய இருக்கைகளைக் காணலாம்.

உருவம் ஏன் இல்லை என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடக்ககாலப் பௌத்தர் புத்தரின் உருவத்தைச் செதுக்காது குறிகளாற் காட்டினர் என்பது பிரெஞ்சு அறிஞர் பூஷே அவர்களின் கொள்கை. இப்பலகைகளுட் பல புத்தரின் வாழ்க்கையைக் காட்டுவனவல்ல, பிற்காலத்து மக்கள் புனிதத் தலங்களுக்குச் சென்று வழிபட்டமையைக் காட்டுவன என்று சூசன் ஹண்டிங்டன் அவர்கள் 1990-ல் மறுத்தார். எக்கொள்கை வெல்லினும் நம் கருத்துக்கு ஊறில்லை. பூஷேயின் வழியிற் சென்றால் அவ்விருக்கை ஆசிரியரைக் காட்டும். ஹண்டிங்டனின் வழியிற் சென்றால் அஃது ஆசிரியரை நாடிச் சென்றவர்களைக் காட்டும். இரண்டும் ஏதோ ஒரு செயலின்பால் நம்மை அழைக்கின்றன அன்றோ?

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். புத்தர்க்கு முன்னரே அது வேந்தர்க்கு உரிய குறியாய் இருந்தது. உலகை வென்று ஆள்பவனைச் சக்கரவர்த்தி என்று வழங்கினர். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி அவர்கள், பௌத்தப் படிமக்கலையைப் பற்றி 1935-ல் வெளியிட்ட ஆங்கில நூலில், மரம், தாமரை, சக்கரம் ஆகிய குறிகள் வேத காலந்தொட்டு வளர்ந்து வந்தமையை ஆராய்ந்துள்ளார். பௌத்தம் இக்குறிகளைப் புதிதாகப் படைக்கவில்லை. பழைய குறிகளை வேறு திசையில் திருப்பியது. நாடு பிடித்த சக்கரம் அறம் பரப்பும் சக்கரமாயிற்று. சாரநாத்தின் மான்சோலையில் ஐவர்க்குப் புத்தர் முதன்முதலாக நிகழ்த்திய உபதேசத்தின் பெயரை நோக்குமின்: தர்ம சக்கரப் பிரவர்த்தனம். சக்கரம் என்னும் பெயர்ச்சொல்லில் அது நிற்கவில்லை; உருட்டுதல் என்னும் வினையில் முடிகின்றது. எண்வகை நெறியைக் காட்டுதற்கு எட்டு ஆரங்கள் அமைப்பர். அவ்வெட்டனுள் நற்காட்சியும் உண்டு. நற்சொல்லும், நற்செயலும், நல்வாழ்க்கைத் தொழிலும் உண்டு. உருளாத சக்கரம் ஒரு வட்டமே அன்றிச் சக்கரம் ஆகாதவாறு, ஒழுகாத நெறியும் ஒரு பட்டியலே அன்றி நெறி ஆகாது.

தாமரையின் பொருளோ இன்னும் நுட்பமானது. நீரிற் பிறந்து, நீரில் வளர்ந்து, நீரால் தீண்டப்படாமல் நிற்கும் தாமரையைப் புத்தர் தமக்கு உவமையாக்கினார் என்று அங்குத்தர நிகாயம் கூறும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் வழங்கும் பழமொழியோடு இஃது ஒத்திருத்தலின் எளிதில் விளங்குகின்றது. ஆயின் அதே மலர் மற்றோரிடத்து வேறு பொருளில் வருகின்றது. ஞானம் பெற்ற புத்தர், இவ்வாழ்ந்த அறத்தை யார் உணர்வார் என்று ஐயுற்று வாளாவிருக்க எண்ணினாராம். அப்போது உலகை நோக்கிய அவர்க்கு மக்கள் ஒரு தாமரைப் பொய்கை போல் தோன்றினர். சில மலர்கள் நீருக்குள் மூழ்கியிருந்தன. சில நீர்மட்டத்தில் நின்றன. சில நீரைக் கடந்து எழுந்திருந்தன. அக்காட்சியே அவரைப் போதிக்கத் தூண்டியது என்று மஜ்ஜிம நிகாயம் கூறுகின்றது. ஈண்டுத் தாமரை புத்தர் அல்லர், நாமே. தன் தூய்மையைப் பேணி ஒதுங்கியிருத்தலைக் காட்டுவதாக நாம் கருதும் மலர், பிறர்பொருட்டு வாய் திறத்தலையும் ஏவுகின்றது. தூய்மை என்று ஒரு சொல்லால் இதனைப் பெயர்த்துவிட்டால் பாதிப்பொருள் உதிர்ந்துபோம்.

புத்தர்க்குப் படிமங்கள் எழுந்த பின்னரும் இவ்வியல்பு மாறவில்லை. அப்படிமங்களின் கைகளை உற்று நோக்குமின். ஒரு கை அஞ்சாதே என்கின்றது. ஒரு கை வழங்குகின்றது. ஒரு கை நிலத்தைத் தொட்டு, மாரனுக்கு எதிராக அந்நிலத்தையே சான்றுக்கு அழைக்கின்றது. நம் நாகப்பட்டினத்திற் கிடைத்த செப்புத் திருமேனிகளில் தலையின்மேல் ஒரு சுடர் எழுந்து நிற்றலைக் காணலாம். கல்லும் செம்பும் அசையாப் பொருள்களே. அவற்றின்மேல் ஏற்றப்பட்ட குறிகளோ எல்லாம் வினைகள்.

நிற்க, இக்குறிகளைப் பொறித்துக்கொண்டோர் அவற்றின் ஏவலைக் கேட்டனரா என்பதே இனி எழும் வினா. அசோகன் கேட்டான் எனலாம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தன் 13-ஆம் பாறைச் சாசனத்தில் அவனே வருந்திப் பொறித்துள்ளான். அவன் சாரநாத்தில் நிறுவிய தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் நின்றன. அச்சிங்கங்களுக்கும் மேலே ஒரு பெருஞ்சக்கரம் இருந்தது. அதன் உடைந்த துண்டுகள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. வலிமைக்கு மேல் அறம் நிற்றல் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் கல்லில் எழுத இயலுமோ? அச்சிங்கமுகட்டை 1950-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் நம் நாடு தன் அரசுச் சின்னமாக ஏற்றது. அச்சின்னத்தில் சிங்கங்கள் உள்ளன. அவற்றின் காலடிப் பலகையில் சிறு சக்கரமும் உள்ளது. மேலே இருந்த பெருஞ்சக்கரம் இல்லை. அஃது உடைந்துபோனமையால் நேர்ந்ததே யாயினும், நாணயத்தையும் அரசாங்கக் கடிதத்தையும் கையில் எடுக்கும்போதெல்லாம் அச்சிங்கங்களின் தலைக்குமேல் உள்ள வெற்றிடத்தை நாம் நினைத்தல் தகும். சாஞ்சியின் வெறுஞ்சேணம் போல அதுவும் ஒரு குறியாகலாம். 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் ஏற்கப்பெற்ற நம் கொடியின் நடுவிலும் 24 ஆரங்களையுடைய சக்கரம் உள்ளது. ஆண்டுதோறும் அதனை வணங்குகின்றோம். உருட்டுகின்றோமா?

நம் கிறிஸ்தவ நண்பர்களுட் சிலர், இவையெல்லாம் விக்கிரக வணக்கத்தின் வகைகள், நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று வினவுவர். அவர்கள் அறிந்த வேதத்திலேயே இதற்கு விடை உண்டு. வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நோக்கினோர் பிழைத்தனர். பல தலைமுறை கழித்து மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசன் அதனை உடைத்தெறிந்தான். உயர்த்தியதும் பக்தியே; உடைத்ததும் பக்தியே. குறி எப்போது குறியாய் இருந்தது, எப்போது சுமையாயிற்று என்பதை அவ்வரசன் அறிந்திருந்தான். மேலே கூறிய தெப்ப உவமையைக் கேட்டிருப்பின் அவன் தலையசைத்திருப்பான் என்றே எண்ணுகின்றேன். சிலுவைக்கும் இது பொருந்தும். சிலுவை தன்னையே கொடுத்தலின் குறி. அதனை ஆடையில் தைத்துக்கொண்டு பிறர் நாட்டின்மேற் படையெடுத்தவர்களும் வரலாற்றில் உளர். தும்பை சூடித் திண்ணையில் இருந்தவன் நகைப்புக்கே உரியவன். சிலுவை சூடிப் பிறர் உயிரைக் கவர்ந்தவனோ பாம்பை வாலிற் பற்றியவன்.

நம் நாட்டிலும் நாம் நினைத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். சைவனாகிய சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அந்நகரில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இயேசு சபைப் பாதிரிமார் அரசாங்கத்தின் அனுமதி பெற்று இடித்தனர். சோழன் தன் சமயத்தது அல்லாத குறியைப் படிக்கத் தெரிந்தவன். நம் சமயத்தார் அன்று அதனைப் படிக்கவில்லை. 1856 முதல் அந்நகரின் மண்ணிலிருந்து ஏறக்குறைய 350 புத்தத் திருமேனிகள் வெளிப்பட்டன. மண் காத்ததை மனிதர் காக்கவில்லை. இதனைக் கிறிஸ்தவனாகிய யான் எழுதுதலே முறை. பிறர் எழுதினால் அது பழிப்பாகும்.

இறுதியாக, நம் மணிமேகலைக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1898-ல் அச்சேற்றிய அப்பெருங்காப்பியத்தில், மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்ட மணிமேகலை ஒரு பீடிகையைக் காண்கின்றாள். அங்குப் புத்தர் இல்லை. அவர் அமர்ந்த இருக்கை மட்டும் உள்ளது. சாஞ்சிச் சிற்பி கல்லில் வைத்த வெற்றிருக்கையைச் சாத்தனார் சொல்லில் வைத்துள்ளார். அதனைக் கண்டு தொழுத மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். அப்பீடிகைக்கும் ஒரு வரலாறு உண்டு. நாக நாட்டு மன்னர் இருவர் அதனைத் தமதென்று உரிமை பாராட்டினர். எடுக்க முயன்றும் எடுக்க இயலவில்லை, விடவும் மனமில்லை, படை திரட்டிப் பொருதனர். புத்தர் தோன்றிப் போரை நிறுத்தி, அவ்விருக்கையில் அமர்ந்து அறம் உரைத்தார்.

இலங்கையிற் பாலி மொழியில் எழுந்த மகாவம்சமும் நாகதீபத்தில் ஓர் இருக்கையின்பொருட்டு மாமனும் மருமகனுமாகிய இரு நாக வேந்தர் பொருத கதையைக் கூறி, புத்தர் அப்போரைத் தணித்தார் என்கின்றது. தமிழர் போற்றும் காப்பியத்திலும் சிங்களவர் போற்றும் வரலாற்று நூலிலும் ஒரே பீடிகைக் கதை! யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் இன்றும் நாகபூஷணியம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில் உள்ளன. இரு கூட்டத்தார்க்கும் பொதுவான குறி ஒன்று இருந்தது. அஃது உறவினர் போரை நிறுத்துக என்று ஏவிய குறி.

அவ்வேவல் கேட்கப்பட்டதா? 1972 முதல் இலங்கைக் கொடியின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் நிற்கின்றன. அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்னும் நான்கையும் அவை குறிக்கும் என்பர். அக்கொடியின்கீழ் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983-ல் தமிழர் வீடுகள் எரிந்தன. 2009 வரை போர் நீடித்தது. 1985-ல் அநுராதபுரத்துப் போதிமரத்தடியில் வழிபட வந்தோரைச் சுட்டுக் கொன்றவர்கள் தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஒரு சாரார் அரசிலையைத் தம் உடைமை என்றனர். மற்றொரு சாரார் அதனைப் பகைவரின் உடைமை என்றனர். இருவரும் அவ்விலை தம்மை என்ன செய்யச் சொல்கின்றது என்று கேட்டிலர். குறியை உடைமையாகக் கொள்ளும்போது நாக மன்னரின் போர் மீண்டும் தொடங்குகின்றது. அப்போரை நிறுத்த வந்த பீடிகையே போருக்குக் காரணமாகின்றது. இதனினும் கொடிய பொருட்பிழை வேறில்லை.

ஆதலின் நண்பர்காள், ஒரு குறியைக் காணும்போது இஃது எதனைக் குறிக்கும் என்று கேட்பதோடு நில்லாது, இஃது என்னை என்ன செய்யச் சொல்கின்றது என்றும் கேட்போமாக. பிற சமயத்தாரின் குறியாயினும் இக்கேள்வியைக் கேட்க நமக்குத் தடையில்லை. நம் சமயத்தின் குறியாயின் கேளாதிருக்க நமக்கு உரிமையில்லை. மணிமேகலை பீடிகையின் முன்னர்த் தொழுதுகொண்டே இருந்துவிடவில்லை. அதன் அருகிலுள்ள கோமுகிப் பொய்கையினின்றும் எழுந்த அமுதசுரபியைக் கையேந்தி நகரத்துக்குத் திரும்பினாள். ஆதிரையின் கையால் முதற் பிச்சை பெற்றாள். பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குவித்தாள். பீடிகையின் பொருள் யாதென்று நம்மைத் தேர்வில் வினவினால் நாம் எழுதத்தக்க விடை இதுவே.